மூன்றாம் கியருக்கு மாறாத வண்டி

என் சித்தி பிக்அப் வண்டி ஓட்டுகிறாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைச் சலவைக்கூடத்திலிருந்து கொண்டுபோய் இறக்கிவிட்டு, அழுக்கு மூட்டைகளை ஏற்றி வருவது அவள் வேலை. காலையில் போனால் மதியம்தான் திரும்புவாள். அவள் இறங்கியதும் அதே வண்டியில் சித்தப்பா ஏறுவார். மேசை நாற்காலிக் கடைச் சாமான்களை வீடு வீடாக இறக்கிவிட்டு அவர் வரும்போது சித்தி தூங்கியிருப்பாள். வண்டியும் ஒன்று, கட்டிலும் ஒன்று, இரண்டுக்குமே ஓய்வில்லை என்று சித்தப்பா கேலி செய்வார்.

அவர்கள் கல்யாணத்தைவிட வயதான வண்டி. கிளட்ச் மிதி கிடையாது, கியர் தானாக மாறும். கொஞ்ச நாளாக அது மாற மறுத்தது. இரண்டாம் கியரிலேயே முக்கிக்கொண்டு கத்தும். ஆக்ஸிலரேட்டர் மிதியிலிருந்து காலைத் தூக்கினால், பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல ஓர் உதறலோடு மூன்றுக்குப் போகும். பிறகு இன்னும் மோசமானது. சூடேறினால் எஞ்சின் மட்டும் இரையும், வண்டி நகராது. மேம்பாலத்தில் அப்படி நின்று நின்று, சித்தி ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போகத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரிக் கிடங்கின் மேற்பார்வையாளர் ஒருநாள் சித்தியைக் கூப்பிட்டார். "ஏம்மா, வார்டுல விரிப்பு இல்லாம நோயாளிங்க காத்துக் கிடக்கறாங்க. இன்னொரு தரம் லேட்டாச்சுன்னா இந்த வேலைய வேற வண்டிக்குக் குடுத்துடுவேன். தப்பா நினைக்காதே."

அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, நிதானமாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது என்றாள் சித்தி.

பெரிய பட்டறையில் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றார்கள். அந்தச் செலவு முடியாத காரியம். சலவைக்கூடம் விடுமுறையான நாளில், சந்துக்குள் தகரக் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை உருட்டாத குறையாகக் கொண்டுபோனாள். அவருக்குப் 'பொறுமை' என்று பெயர். யார் என்ன சொன்னாலும் முதலில் "பொறுமை, பொறுமை" என்பார்.

அவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கிவிட்டு வந்தார். எஞ்சினை அணைக்காமலே கியர் எண்ணெயின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். கம்பி முழுக்க நுரை.

"என்னக்கா இது, சலவைக்கூடத்துத் தண்ணிய ஊத்திட்டீங்களா?"

"எண்ணெய்தான் ஊத்தினேன். காலையில பார்த்தா குறைஞ்சிருக்கும், கொஞ்சம் ஊத்துவேன்."

"சூடாகாம பார்த்தா குறைவாத்தான் காட்டும். சரி, கொஞ்சம் ஊத்தினா இவ்வளவு எப்படி ஏறும்?"

தூக்கம் கலையாத முகத்தோடு அப்போதுதான் வந்து நின்ற சித்தப்பா தொண்டையைச் செருமினார். "நானும் கொஞ்சம் ஊத்தினேன். உதறறப்பல்லாம்."

சித்தி திரும்பிப் பார்த்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீயே ஓய்ஞ்சு போய் வர்றே. எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன். நீ மட்டும் சொன்னியா?"

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

பொறுமைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏண்ணே, ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

"ஒரே வீடுதான். ஒரே நேரத்துல இல்ல" என்றார் சித்தப்பா.

எண்ணெய் மிஞ்சிப்போய், உள்ளே சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கியிருந்தன. நுரைக்குக் கியரைப் பிடித்து இழுக்கும் அழுத்தம் இருக்காது. அதனால்தான் வண்டி நகரவில்லை. பொறுமை மிஞ்சியதை வடித்தெடுத்தார். மறுபடி ஓட்டிப் பார்த்தபோது சூட்டிலும் வண்டி நகர்ந்தது. ஆனால் பழையபடி இரண்டாம் கியரிலேயே கத்தியது.

சித்தி ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப கியர்பாக்ஸ்தான் போச்சா?"

"பொறுமை, பொறுமை, அக்கா."

அவர் வண்டிக்கடியில் படுத்து டார்ச் அடித்து வெகுநேரம் தேடினார். வெளியே வந்தபோது கையில் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய் இருந்தது. அதன் முனை வெடித்திருந்தது. எஞ்சின் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதைக் கியர்பாக்ஸ் இந்தக் குழாய் வழியாகத்தான் அறிகிறதாம்.

"இது வெடிச்சதால காத்து கசியுது. சமதளத்துல காலியா போனாக்கூட, பாரத்தோட மேடு ஏறுறதா நினைச்சுக்குது. அதான் அடுத்த கியருக்குப் போக மாட்டேங்குது."

"நானும் அப்படித்தான் இருக்கேன். எனக்கு எந்தக் குழாய மாத்துவே?" என்றாள் சித்தி.

புதுக் குழாயை மாட்டியதும் கத்தல் நின்றது. "நுரையில ஓடுனதுல, உள்ளே கியரைப் பிடிக்கற தட்டுங்க கொஞ்சம் தேஞ்சிருக்கும். லேசா உதறும். எத்தனை நாள் தாங்கும்னு எங்கிட்ட கேக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை சித்தப்பாவும் கூட ஏறிக்கொண்டார். கியர் மாறுகிறதா என்று கவனிக்கப்போவதாகச் சொன்னார். முதல் சிக்னல் வருமுன்னே வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது வண்டி ஒரு சின்ன உதறலோடு மூன்றுக்கு மாறியது. சித்தி அவரை எழுப்பவில்லை.

ஆஸ்பத்திரிப் பின்வாசலில் மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னைக்குச் சீக்கிரம்?"

"சீக்கிரமெல்லாம் இல்ல சார். சரியான நேரம்."

அவர் தலையாட்டிவிட்டுக் கதவைத் திறந்தார். சித்தி வண்டியின் பின்பலகையை இறக்கி, முதல் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டாள்.