மணிக்கட்டில் ஒரு வெள்ளைக் கோடு

பெட்டியைத் திறந்தபோது புத்தரின் வலது கை வைக்கோலுக்குள் தனியாகக் கிடந்தது. இரண்டு விரல்கள் வேறு முறிந்திருந்தன.

அப்போது நான் போர்ட் பிளேரில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கூடப் பொறுப்பாளர். தமிழ்நாட்டுக் கடலோரத்தில் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகம் ஒன்று, பக்கத்து வயலில் கிடைத்த புத்தர் கற்சிலையின் பிளாஸ்டர் நகலையும் அகழாய்வுப் படங்களையும் எங்கள் கண்காட்சிக்காகக் கப்பலில் அனுப்பியிருந்தது. திறப்புக்கு நான்கே நாள்.

எங்கள் அதிகாரி எட்டிப் பார்த்தார். “வாபஸ் அனுப்பிடுங்க மேடம். அடுத்த ஜஹாஸ்ல ஏத்திடலாம். போட்டோ போதும்.”

“போட்டோவச் சுத்தி வந்து பார்க்க முடியாது சார். நான் சரி பண்ணிடறேன்.”

எப்படி என்று எனக்கே தெரியாது. அனுப்பியவர்களுக்கு ஃபோன் செய்தேன். ஒட்டலாம், ஆனால் ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றார்கள்.

வண்டூரில் படகு பழுதுபார்க்கும் ஒருவர் மாதா சிலையின் மூக்கைச் சரிசெய்ததாக நான் குடியிருந்த டெலானிபூர் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் போட்டு வேலைக்காரன்க்கா. தப்பாப் போச்சுன்னா?”

“என் பொறுப்பு. எழுதியே தர்றேன்.”

விரல்களுக்குள் கம்பி கொடுத்து இரண்டு நாளில் ஒட்டிவிட்டார். மூன்றாம் நாள் அருங்காட்சியகத்துக்கே வந்து மணிக்கட்டைப் பொருத்தினார். பிறகு கல் நிறப் பெயின்ட்டை எடுத்தார்.

“அடிக்காதீங்க. ஒட்டுன இடம் தெரியணும்.”

அவர் முகம் வாடிவிட்டது. ஒட்டு தெரியாமல் வேலை செய்வதுதான் அவர் பெருமை. “வயல்ல கிடைச்ச சிலையில என்ன இருக்கு, நாம என்ன செஞ்சோம்னு பார்க்கறவங்க பிரிச்சுத் தெரிஞ்சுக்கணும்,” என்றேன். அவர் பெயின்ட்டைக் கீழே வைத்தார். உப்புத்தாளை எடுத்து ஒட்டிய இடத்தில் தெரிந்த வெள்ளைக் கோட்டைச் சீராகத் தேய்க்க ஆரம்பித்தார்.

‘கப்பல் பயணத்தில் உடைந்தது. வண்டூர் படகுத் தொழிலாளியால் சீரமைக்கப்பட்டது’ என்று அட்டை எழுதி வைத்தேன். அதிகாரிக்குக் கோபம். “எடுத்துடுங்க மேடம். பேகார்ல, தேவையில்லாம கேள்வி வரும்.”

“வந்தா நான் பதில் சொல்றேன் சார்.”

எடுக்கவில்லை.

திறப்பு நாளில் கேள்வி வந்தது. சிறப்பு விருந்தினர் அட்டையைப் படித்துவிட்டு, “யாரு செஞ்சது?” என்றார். நான் வாயைத் திறக்குமுன் அதிகாரியே கூட்டத்தைத் துழாவி, “பாய், ஆகே வாங்க!” என்று கூப்பிட்டார்.

கடைசி வரிசையில் மனைவியோடு நின்றிருந்தவர் தயங்கித் தயங்கி முன்னே வந்தார். எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சிலையின் சுண்டுவிரலைக் காட்டி, “இதுதான் சார் ரொம்பப் படுத்திருச்சு,” என்றார்.