தலையில் கோடு போட்ட இரண்டு

சுனாமிக்குப் பிறகு பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் மிஸ்ரியா. உள்நாட்டுச் சண்டை முடிந்த வருஷம், சாதாரண தரப் பரீட்சையின் கணிதத்தை எழுதியே தீருவது என்று கல்முனையில் விண்ணப்பித்துவிட்டாள்.

கணவன் ரிஸ்மி கட்டாரிலிருந்து வரைபடம் கீறும் கல்குலேட்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அவளைச் சோதிக்க 0.02இன் மடக்கையை, அதாவது log-ஐ, அழுத்தினான். திரையில் −1.699 என்று வந்தது. மிஸ்ரியாவோ மடக்கை அட்டவணையைப் பார்த்து, தலையில் கோடு போட்ட இரண்டும் புள்ளிக்குப் பின் 3010உம் எழுதியிருந்தாள்.

"பிழை கா. இந்த லெச்சணத்துல சோதனை எதுக்கு? புள்ளயப் பாத்துக்கிட்டு வீட்ட இரி."

"மெசின் பிழை விடாதோ, மச்சான்?"

"கட்டார் மெசின் கா இது."

"அப்ப அதுக்கிட்டயே கேப்பம்."

கோடு இரண்டை மட்டும்தான் கழித்தல் ஆக்கும், புள்ளிக்குப் பின்னுள்ளது கூட்டல்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்குலேட்டரில் 0.301இலிருந்து இரண்டைக் கழித்தாள். அதே −1.699. பிறகு மடக்கையின் வளைகோட்டைத் திரையில் வரவழைத்து, அச்சுக்குக் கீழே விரலை வைத்தாள்.

"மெசின் நேரா இறங்குது. அட்டவணை ரெண்டு படி இறங்கிக் கொஞ்சம் ஏறுது. நிக்கிற இடம் ஒண்டுதான்."

ரிஸ்மி அழித்துவிட்டு மறுபடி அழுத்திப் பார்த்தான். மாறவில்லை.

"சோதனைக்கு இதக் கொண்டு போக விடுவாங்களா?"

"விடமாட்டாங்க. நீங்களே வெச்சிக்கிங்க. சோதனை அண்டைக்குப் புள்ளயும் உங்களுக்கிட்டதான்."