மாப்பிள்ளை வீட்டார் இருந்த பலகை

சின்னம்மாவைப் பெண் பார்க்க நறுவிலிக்குளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, அவர்களை எதில் இருத்துவது என்பதுதான். சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான பாப்பாமோட்டைக்குத் திரும்பி ஒரு மழைக்காலம்தான் கடந்திருந்தது. தகரக் கொட்டிலில் இருந்தது ஒரேயொரு பிளாஸ்டிக் கதிரை.

மதகு கட்ட வந்தவர்கள் விட்டுப்போன நீளப் பலகை ஒன்று வேலியோரம் கிடந்தது. அப்பா முற்றத்தில் மூன்று இடங்களில் சீமெந்துக் கற்களை அடுக்கச் சொல்லி, அதைத் தூக்கி மேலே வைப்பித்தார். இரண்டு முனைகளும் கற்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அம்மா பழைய சேலையொன்றை மடித்து விரித்ததும் அது நல்ல வாங்கு மாதிரியே ஆகிவிட்டது.

மறைக்க வேண்டியது இன்னொன்றும் இருந்தது. அப்பாவுக்கு இடது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால்.

"முதல் நாளே அதைக் காட்ட வேண்டாமப்பா. வாற மாப்பிள்ளைதான் எங்கள் எல்லாரையும் பாக்கவேணும் எண்டு பயந்திடுவினம்" என்றாள் அம்மா.

அப்பா இரவல் வாங்கிய நீளக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர்கள் வருமுன்பே பலகையில் ஓரத்துக் கல்லுக்கு நேர்மேலே போய் அமர்ந்துவிட்டார். அவர்கள் போகும்வரை எழும்புவதில்லை என்பது ஏற்பாடு. நானும் தம்பியும் வாயைத் திறக்கக்கூடாது.

கடைசி நேரத்தில் அடுப்புக் கல் ஒன்று வெடித்துவிட்டது. அம்மா ஓடிவந்து பலகையின் நடுவிலிருந்த கற்களை உருவிக்கொண்டு போனாள். "ரெண்டு பக்கமும் இருக்குத்தானே, நடுவில என்னத்துக்கு?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பின்னாளில் பொறியியல் வகுப்பில், தாங்கும் இடங்களுக்கு இடையிலான தூரம் இரண்டு மடங்கானால் அதே பாரத்துக்குப் பலகை எட்டு மடங்கு வளையும் என்று விரிவுரையாளர் எழுதிக் காட்டியபோது, எனக்கு மட்டும் முகம் சுட்டது.

வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்க்குக் கதிரை. மாப்பிள்ளையும், நல்ல உடம்புள்ள இரண்டு பெரியப்பாமாரும் பலகையில் இருந்தார்கள். அவர்களுக்கு இடம் விட அப்பா மெல்ல அரக்கி அரக்கி, கல்லைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த முனைக்குப் போய்விட்டார். பலகை நடுவில் வில்லாக வளைந்தது. அந்த மூவரின் பாரமும் அதற்குள் முறுக்கேறி நின்றதையும், அந்தப் பாரம்தான் முனையில் இருந்த அப்பாவை விழாமல் பிடித்திருந்ததையும் யார் அறிந்தார்கள்?

சின்னம்மா தேத்தண்ணி கொடுத்தாள். ஒரு பெரியப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். "நல்ல நேரம் முடியப்போகுது, தட்டை மாத்துவம்" என்று சொல்லிக்கொண்டே எழும்பினார். மற்ற இருவரும் கூடவே எழும்பினார்கள்.

பலகை விண்ணென்று நிமிர்ந்தது. அப்பா இருந்த முனை கீழே போக, மற்ற முனை சேலையோடு ஆகாயத்துக்குப் போனது. அப்பா மல்லாக்க விழுந்தார். வார் கழன்று, சப்பாத்தோடு பொய்க்கால் காற்சட்டைக்குள்ளிருந்து வெளியே வந்து மணலில் கிடந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். "அப்பான்ர கால்!" என்று தம்பி கத்தினான். சின்னம்மா தட்டத்தோடு நின்று அழுதாள். "சொல்லத்தான் இருந்தனாங்கள்" என்று அம்மா குழறினாள். அப்பா வெறுமையாகக் கிடந்த காற்சட்டைத் துணியை மற்றக் காலுக்கடியில் இழுத்து மறைக்கப் பார்த்தார். அதைப் பார்க்க முடியாமல் நான் கொட்டிலுக்குப் பின்னால் ஓடிப்போய், தகரத்து ஓட்டையால் பார்த்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையின் தாய் தலையைக் குனிந்தவர் நிமிரவேயில்லை. எங்களைக் கண்டு அருவருக்கிறார் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வெள்ளை வேட்டியோடு மணலில் குந்தினார். அந்தக் காலை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"நீட்டுங்கோ அண்ணை."

யாரும் சொல்லிக்கொடுக்காமலே வாரை மாட்டி, விரல் விட்டுப் பார்த்து, கொஞ்சம் தளர்த்தினார். "இறுக்கிக் கட்டினா பின்னேரத்தில வீங்கும், என்ன?"

"ஓம்" என்றார் அப்பா.

எனக்கு அந்த மனிதர்மேலும் கோபம் வந்தது. பேசாமல் எழும்பிப் போயிருந்தால் எங்கள் வெட்கம் அத்தோடு முடிந்திருக்கும். இவரோ எல்லோரும் பார்க்க அதை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

அன்றே தட்டு மாற்றினார்கள். கலியாணப் பந்தலில்தான் மாப்பிள்ளையின் தம்பியை முதன்முதலாகக் கண்டோம். அவருக்கு வலது கால் இல்லை. நாங்கள் கண்டால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று, பெண் பார்க்க வந்த அன்று அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு வந்தாராம் தாய். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாயே சொல்லி அழுதார். பக்கத்தில் நின்று கேட்ட எனக்கு வந்தது சந்தோஷம். நாங்கள் மட்டும் இல்லை, அவர்களும் மறைத்தவர்கள்தான் என்று தம்பியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எங்கள் முற்றத்தில் தலை குனிந்திருந்த நேரம் முழுவதும் அந்தத் தாய், வீட்டில் விட்டுவந்த மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதும் விளங்கவில்லை.