மயக்கத்துக்கு மலாயில் 'பியூஸ்'

இந்த நாட்டில் எனக்கு எல்லாவற்றையும் படிக்கத் தெரியும், பாதிதான் புரியும். மலாய் மொழியை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் எட்டாம் வகுப்போடு நின்றவள் நான் என்றாலும் ஏ, பி, சி தெரியுமே, கண்ணில் பட்ட பலகையையெல்லாம் வாய்விட்டுப் படித்துவிடுவேன். கல்யாணமாகி மலாக்கா வந்த புதிதில், சாலையோரம் 'அவாஸ்' என்றிருந்ததை ஏதோ அவசரம் என்று நினைத்து ஓட்டமும் நடையுமாகப் போயிருக்கிறேன். கவனம், பார்த்துப் போ என்று அர்த்தமாம். போன வாரம் மகள் தர்ஷினி கைப்பேசியை நீட்டியபோதும் இரண்டு சொற்களையும் தடுமாறாமல் படித்தேன். 'பெர்கிகியான்', 'கெஜுருராவாதான்'. ஒன்று பல் மருத்துவம், மற்றது தாதியர் படிப்பு. இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

"பல்லுதான்," என்றேன், யோசிக்கவே இல்லை.

செங் என்ற ஊர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் கணவர் சிரித்தார். "ஊரான் வாய்நாத்தத்த மோந்து பாக்க எம்மவள அனுப்புறதுல உனக்கு ஏன் இவ்ளோ அவசரம்?"

அவருக்கு என்ன தெரியும்? அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடிவருகிறவள் நான். பல்லைத் தப்பாகப் பிடுங்கினால் வந்தவர் எழுந்து நின்று திட்டுவார். திட்டுவதற்கு ஆள் உயிரோடு இருப்பார். மகளுக்கு அப்படிப்பட்ட வேலை அமைந்தால் போதும் என்று இருந்தது.

"நான் நர்ஸ் படிச்சிட்டு பியூஸ் பக்கம் போறேன் மா," என்றாள் தர்ஷினி. "மயக்கம் கொடுக்கிற டாக்டர் பக்கத்துலயே நின்னு, படுத்திருக்கிறவங்க மூச்சப் பாத்துக்கிற நர்ஸ். நீங்க டென்ஷன் ஆவாதீங்க லா."

ஊரில் நாங்கள் அம்மாவை நீ, வா, போ என்போம். இவள் எனக்கு 'நீங்க' போடுவாள். மரியாதைதான். ஆனால் சண்டை வரும்போது அந்த 'ங்க' என்னைத் தள்ளி உட்கார வைத்துவிடும். அன்று அதைவிடவும் 'பியூஸ்' என்ற சொல்தான் என்னைச் சுட்டது.

தர்ஷினிக்கு நான்கு வயதாக இருந்தபோது இரண்டாவது பிள்ளைக்கு வலி எடுத்தது. அப்போது எஸ்டேட்டில் இருந்தோம். சுற்றிலும் தமிழ் என்பதால் மலாய் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஏதேதோ பார்த்துவிட்டு அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். தலைமாட்டில் நின்ற மலாய்த் தாதி, இங்கே 'மிசி' என்பார்கள், என் கன்னத்தைப் பிடித்து, "பியூஸ், காக், பியூஸ். ஜங்ஙான் தாக்குட்," என்றாள். மயக்க மருந்து அக்கா, பயப்படாதீங்க என்றிருக்கிறாள். எனக்குத் தெரிந்த ஒரே பியூஸ் மின்சாரப் பெட்டியில் இருப்பதுதான். "பியூஸ் போச்சா? பியூஸ் போச்சா?" என்று அலறினேன். தான் சொன்னது புரிந்துவிட்டதென்று நினைத்து அவள் "யா, யா, பியூஸ்," என்று தலையாட்டினாள். மின்சாரம் போய்விட்டது, இருட்டில் என்னை அறுக்கப் போகிறார்கள். அந்த நினைப்போடுதான் கண் மூடினேன். தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பையன். பிறக்கும்போதே உயிர் இல்லை. என்னிடம் காட்டினார்களாம். அரை மயக்கத்தில் நான் பார்த்தேனாம். எனக்கு எதுவுமே நினைவில்லை. முழுசாக நினைவு வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஊரில் கேட்டவர்களிடம், முகம் அவர் ஜாடை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன்.

"எம்புள்ள மூஞ்சிய அழிச்ச வேல அது," என்றேன் தர்ஷினியிடம். "அதுக்கா நீ போவ?"

அவள் கோபப்படவில்லை. "பல்லு காட்ட வர்றவங்க பயந்தா எந்திரிச்சி ஓடிரலாம் மா. அங்க படுத்திருக்கிறவங்களால முடியாது. தூங்கறதுக்கு முன்னாடி கேக்கற கடைசி வார்த்தையாவது அவங்களுக்குப் புரியணும்ல?"

அதுவரை கைலியின் முனையைத் திருகிக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்காமலே பேசினார்.

"நீ பாத்த. அந்த மிசி துணியில சுத்திக் கொண்டாந்து உன் பக்கத்துல வச்சிச்சு. நீ கையப் போட்டு, 'வாடா, வீட்டுக்குப் போவோம்'னு சொன்ன. என்னா சொல்றாங்கன்னு மிசி என்னைக் கேட்டிச்சு. மலாய்ல சொன்னேன். அதுவும் அழுதிருச்சு."

இத்தனை வருஷமும் இதை அவர் எங்கே வைத்திருந்தார்? தர்ஷினி என்னைப் பார்த்தாள். "உனக்கு எது தோணுதோ அதப் போடு," என்றேன். அவள் கைப்பேசியில் தாதியர் படிப்பைத் தொட்டுவிட்டு, முகம் கழுவப் போனாள். இனி எந்த ஊரில் எந்தத் தாயின் தலைமாட்டில் இவள் நிற்பாளோ என்று என் மனம் அப்போதே அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

"எந்த வீடுன்னு சொன்னேனா?" என்று அவரிடம் கேட்டேன்.

"நம்ம எஸ்டேட் வீடுதான். வேற எது?"

அந்த நாட்களில் நான் 'வீடு' என்றால் பட்டுக்கோட்டை வீடு மட்டும்தான். எஸ்டேட்டில் இருந்த வரிசைக் குடியிருப்பை 'லயம்' என்று சொல்வேனே தவிர, வீடு என்று ஒருநாளும் வாயில் வந்ததில்லை. அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது எஸ்டேட்டுக்கு, செம்பனைகளுக்கு நடுவே இருக்கிற இடுகாட்டுக்கு. நான் கேட்டபடியே அவனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.