சாகாத பூனைக்குட்டி

பூனைக்குட்டி சாகவில்லை. செத்துவிட்டது என்று என் மனைவியிடம் நான் பொய் சொன்னேன்.

ஒரு பூனைக்குட்டியைப் பற்றிய பொய்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன்...

சண்டிலிப்பாயில் எங்களுக்குப் புகையிலைத் தோட்டம். எனக்கும் அன்னபூரணத்துக்கும் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தவழும் முன்பே போய்விட்டன. அதன் பிறகு அவள் பேச்சு குறைந்துபோயிற்று. ஒருநாள் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்:

"எலி கூடிப்போச்சு. ஒரு பூனைக்குட்டி இருந்தா நல்லது."

அவள் எலிக்காகக் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

சாவகச்சேரியில் நான் புகையிலை கொடுக்கும் கடைக்காரர், தம் வீட்டுப் பூனை ஈன்ற குட்டிகளில் ஒன்றைப் பால்குடி மறந்ததும் தருவதாகச் சொன்னார். அந்தச் செய்தி வந்ததும் பூரணம் உயிர் வந்தவள்போல் எழுந்துவிட்டாள்! பக்கத்து வீட்டு நாய் நுழையாதபடி வேலிப் பொட்டுகளை ஓலை வைத்து அடைத்தாள். குட்டி தணலில் பாய்ந்துவிடும் என்று அடுப்புக்கு முன்னால் ஒரு தட்டி கட்டினாள். உடைந்த சட்டியொன்றில் மணல் நிரப்பி மூலையில் வைத்தாள்.

"வந்த உடனை வெளியிலை விடக்கூடாதாம். பழைய வீட்டைத் தேடிப் போயிடுமாம். கொஞ்ச நாளைக்குக் கதவு சாத்தித்தான் இருக்கவேணும்... நீங்கள் சுருட்டுப் பத்திறதெண்டா முற்றத்துக்குப் போங்கோ!"

எத்தனை காலத்துக்குப் பிறகு அவள் என்னை அதட்டினாள்!

பனையோலைக் கடகம் ஒன்றில் படுக்கை விரித்திருந்தாள். விரித்திருந்தது, பிள்ளைகளுக்கென்று பெட்டகத்தில் மடித்து வைத்த பழைய வேட்டித் துண்டு. நான் பார்த்தேன்.

சாவகச்சேரியில் குட்டியை வாங்கி ஓலைப்பெட்டியில் வைத்து மூடி, பஸ் ஏறி யாழ்ப்பாணம் வந்தேன். அங்கிருந்து ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறியபோது எங்கள் ஊர்க்காரர் சிலர் முன்பே இருந்தார்கள். பெட்டி கத்தியது.

"என்ன, பெட்டிக்கை?" என்றார் ஒருவர்.

"பூனைக்குட்டி."

"ஓ... வீட்டிலை தாலாட்ட ஒண்டுமில்லையெண்டு இதைக் கொண்டு போறீரோ?"

பஸ் முழுவதும் சிரித்தது. அது வெறும் பகிடி. அவர்கள் அந்தக் கணமே மறந்திருப்பார்கள். ஆனால் என் காது எரிந்தது.

"எனக்கில்லை. இஞ்சை ஒராளிட்டைக் குடுக்க வேணும்," என்று சொல்லி இறங்கினேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தையின் பின்புறம், அழுகல் மரக்கறி குவிந்த இடத்தில் பெட்டியை வைத்து மூடியைத் திறந்தேன். குட்டி வெளியே வந்து என் காலில் உரசியது. திரும்பிப் பாராமல் நடந்தேன்... ஓடினேன் என்பதே உண்மை.

வாசலில் பூரணம் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கை?"

"வாற வழியிலை செத்துப்போச்சு. குழி தோண்டித் தாட்டுப்போட்டு வாறன்."

அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஐயோ... உங்களுக்கு எவ்வளவு கஸ்டமா இருந்திருக்கும்!"

எனக்கு ஆறுதல் சொன்னாள்! அந்த இடத்திலேயே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா? வாய் ஏன் திறக்கவில்லை? மறுநாள் விடிந்ததும் சந்தைக்குப் போய்த் தேடினேன். பெட்டி மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

அதற்குப் பின்புதான் அந்தப் பொய் வளரத் தொடங்கிற்று. அடுத்த வருடம் என் தங்கை பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் விழுந்தாள். எலும்பாய்க் கிடந்தவள் பூரணத்தைக் கூப்பிட்டனுப்பினாள்.

"மச்சாள், நான் எழும்புமட்டும் பிள்ளையை நீங்கள் வைச்சிருங்கோ."

பூரணத்தின் கைகள் குழந்தைப் பக்கம் நீண்டன. நான் கண்டேன்! பிறகு சட்டென்று பின்வாங்கின.

"வேண்டாம். எனக்கெண்டு வாறது ஒண்டும் தங்காது. ஒரு பூனைக்குட்டிகூட என்ரை வாசல் மிதிக்க முதல் செத்துப்போச்சு. உன்ரை பிள்ளையை நான் தொடமாட்டன்."

நான் அதே அறையில் நின்றேன். ஒரு வார்த்தை போதும். 'பூரணம், அது சாகேல்லை' என்ற ஒரே வார்த்தை... சொன்னால் அவள் தலையிலிருந்து அந்தப் பழி இறங்கிவிடும். ஆனால், நாலுபேர் சிரிப்புக்குப் பயந்து அவளுடைய ஆசையைக் குப்பையில் போட்டவன் என்று அவள் என்னைப் பார்ப்பாளே! அந்தப் பார்வைக்கு அஞ்சினேன். குழந்தையை வேறு யாரோ தூக்கிப்போனார்கள்.

தங்கை தேறினாள். அந்தக் குழந்தையும் வளர்ந்தது. போன மாதம் தங்கையின் அந்த மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் பந்தல் வாசலில் வந்து நின்றபோது, மணப்பெண் அலங்காரத்தோடு அறையிலிருந்து எட்டிப் பார்த்துப் பூரணத்தின் கையைப் பிடித்தாள்.

"மாமி, நீங்கள்தான் ஆலாத்தி எடுக்கவேணும். நான் அம்மாட்டைச் சொல்லிப்போட்டன்."

"நான் வேண்டாம், ராசாத்தி. வேறை ஆரையும் கூப்பிடு. என்ரை கை உனக்கு வேண்டாம்."

சிரித்தபடிதான் சொன்னாள். பெண்ணின் கன்னத்தைத் தடவக் கையை உயர்த்தினாள், தடவாமலே இறக்கிக்கொண்டாள். பிறகு பின்வளவுக்குப் போய், மரக்கறி வெட்டும் பெண்களோடு குந்தினாள்.

நான் பின்னாலேயே போனேன். பூசணிக்காய் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

"என்னப்பா, ஏதும் சொல்லவேணுமோ?"

"இல்லை," என்றேன்.

பந்தலில் யாரோ சந்தனம் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்விட்டேன்.