மூன்றாவது உயிர்

நம்பாதவர்கள் நம்பாமலே போங்கள், நான் சத்தியம் பண்ணிக்கொண்டு நிற்கப் போவதில்லை. பாளையங்கோட்டையில் குமரவேல் இன்றைக்கும் இருக்கிறான், போய்க் கேளுங்கள். நடந்ததை நிமிஷக் கணக்கோடு சொல்லுவான். சொல்லி முடித்ததும் நெஞ்சைத் தடவிக்கொள்வான்.

போன சித்திரை. வெள்ளிக்கிழமை மத்தியானம். குமரவேலின் சிநேகிதன் ஹாஜா ஆஸ்பத்திரியில் கிடந்தான். காலையில்தான் இதய ஆபரேஷன் முடிந்திருந்தது. "நாலு மணிக்கு மேலதான் உள்ள விடுவாக, வீட்டுக்குப் போங்கண்ணே" என்று ஹாஜாவின் மனைவி மஹ்மூதா பீவி அனுப்பிவிட்டாள். வீட்டிலோ ஆளில்லை. மனைவி சுகிர்தா டீச்சர், பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாவம், என்னதான் செய்வான்? கம்ப்யூட்டரைப் போட்டான்.

பழைய டிவி கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற எமுலேட்டர் ஒன்று வைத்திருந்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஹாஜாவின் வாப்பா துபாயிலிருந்து ஒரு டிவி கேம் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மேலப்பாளையத்தில் ஹாஜா வீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். காட்டுக்குள் சுட்டுக்கொண்டே ஓடும் இரண்டு சிப்பாய்கள். ஒருத்தனுக்கு உயிர் தீர்ந்துபோனால், பட்டனை அமுக்கி மற்றவனுடைய உயிரில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கேட்காமலே எடுக்கலாம்தான். ஆனால் ஹாஜா எடுக்கமாட்டான். "குமரு, ஒண்ணு தாலே" என்பான். இவன் "எடுத்துக்கலே" என்று வாயால் சொன்ன பிறகுதான் அமுக்குவான். அப்படி ஒரு யோக்கியன்!

மணி 2.05. பழக்கதோஷத்தில் இரண்டு பேர் ஆட்டத்தையே தொடங்கினான். இரண்டாவது சிப்பாயை ஓட்ட ஆளேது? நின்ற இடத்திலேயே குண்டு பட்டு, மூன்று உயிரும் போய் மறைந்தான். குமரவேல் தனியாக ஓடினான். கை ஆடியதே தவிர, மனசெல்லாம் ஆஸ்பத்திரியில்.

2.17. ஸ்பீக்கரில் 'கர்ர்ர்...' என்று ஒரு இரைச்சல்.

"குமரு... ஒண்ணு தாலே..."

திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தான். குமரு என்று அவனைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு.

"எடுத்துக்கலே" என்றான். வாய் தானாகச் சொன்னது.

'டிக்.' திரை மூலையில் குமரவேலுக்கு இருந்த மூன்று உயிரில் ஒன்று குறைந்தது. நெஞ்சுக்குள் எதையோ சுண்டி இழுத்த மாதிரி ஒரு வலி. இரண்டாவது சிப்பாய் எழுந்தான்... ஓடினான்.

குமரவேல் செட்டிங்கைத் திறந்து பார்த்தான். இரண்டாவது ஆளுக்கு விசைப்பலகையில் ஒரு பட்டன்கூடக் கொடுக்கவில்லை. எல்லாக் கட்டமும் காலி.

2.25. இரண்டாவது சிப்பாய் செத்து விழுந்தான்.

2.26. "குமரு... இன்னொண்ணு... தாலே..."

குரல் தேய்ந்திருந்தது. குமரவேலுக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே என்ன நடக்கிறது என்று அவனுக்குப் புரிந்துபோனது.

"எடுத்துக்கலே! விட்டுராத லே!"

'டிக்.' மறுபடியும் அந்த வலி, இந்தத் தடவை தோள்வரைக்கும். மிச்சம் ஒன்று.

மஹ்மூதாவுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை.

2.37. இரண்டாவது சிப்பாய் மறுபடியும் விழுந்தான்.

குமரவேல் காத்திருந்தான். குரல் வரவில்லை...

'டிக்... டிக்... டிக்...'

பட்டன் சத்தம் மட்டும்.

ஐயோ, பேசக்கூடத் தெம்பில்லாமல் போயிற்றே!

2.38. "எடுத்துக்கலே... எடுத்துக்க."

'டிக்.'

மூலை காலி.

மூச்சு அடைத்தது. நாற்காலியோடு சரிந்தான். கண் இருட்டி, மெல்லத் தெளிந்தது.

2.44. போன் அடித்தது. மஹ்மூதா அழுதுகொண்டே சிரித்தாள்.

"அண்ணே, அல்லா காப்பாத்திட்டான்! ரெண்டு தடவ இதயம் நின்னுபோச்சாம். ரெண்டு தடவயும் திரும்பிருச்சு. ரெண்டரைக்கே கண்ணு முழிச்சிட்டாக!"

"ரெண்டரைக்கா?"

"ஆமாண்ணே, என்னைய மட்டும் உள்ள விட்டாக. முழிச்ச ஒடனே உங்களுக்குப் போன் போடச் சொன்னாக. டாக்டர் கூப்பிட்டதுல மறந்தே போயிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"எனக்கு ஒண்ணும் வெளங்கலண்ணே... 'நான் ரெண்டுதான் வாங்குனேன். எம் பின்னாலேயே ஒருத்தன் வந்து நிக்கான். அவன் கேட்டா குடுத்துராதன்னு குமருகிட்ட சொல்லு'ன்னாக."

குமரவேல் திரையைத் திரும்பிப் பார்த்தான்.

விசைப்பலகையை யாரும் தொடவில்லை. இரண்டாவது சிப்பாய் ஓடிக்கொண்டிருந்தான்.