போனில் வரும் எருமை

மாத்திரை கம்பெனியில் எனக்கு மதிய ஷிப்ட். நான் வீடு திரும்பும்போது மகள் நல்ல தூக்கத்தில் இருப்பாள். யூ.கே.ஜி. படிக்கிறாள். காலையில் தலை பின்னி வேனில் ஏற்றுவதற்குள் எங்களுக்குள் சண்டைதான் நடக்கும், பேச்சு நடக்காது. இப்படியே போனால் பிள்ளை என்னிடம் ஒட்டாமலே போய்விடுவாளோ என்ற பயம் என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. அதனால்தான் போனில் கதை சொல்ல ஆரம்பித்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டு மணி அடித்ததும் போனை எடுக்க லாக்கருக்கு ஓடுவேன். வீட்டுக்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் தலையணை மேல் வைப்பார். நான் ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு, கண்ணைச் சுவர்க் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு சொல்வேன்.

கதை ஒன்றேதான். சோரியாங்குப்பம் பக்கம் ஓர் எருமை. புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு ஆரம்பிக்கிற இடமாகப் பார்த்து, ரோட்டில் குறுக்கே படுத்துக்கொள்ளும். தலை இங்கே, வால் அங்கே. படுத்தபடியே டீக்கடை வாழைத்தாரைத் தின்றுவிடும். நம் புதுச்சேரி போலீஸ் வந்து, “வால் உங்க பக்கம் இருக்குது, நீங்களே புடிச்சிக்கினு போங்க” என்பார். அந்தப் பக்கத்துப் போலீஸ், “தின்ன வாய் உங்களுதுதானே” என்பார். இருவரும் மல்லுக்கு நிற்கும்போது எருமை எழுந்து, ஒரு சுற்று சுற்றி, சாணி போடும். யார் பக்கம் விழுந்தது என்பதை மகள்தான் முடிவு செய்வாள்.

எருமை மாதிரி கத்தவும் வேண்டும். முதலில் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்துக் கத்தினேன். பிறகு எதிரில் சாப்பிடும் அக்காவே, “இன்னாடி, இன்னிக்கு சாணி எந்தப் பக்கம்?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

போன மாதம் ஒரு வாரம் காலை ஷிப்ட் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாள் ராத்திரியே மகளுக்குத் தோசை ஊட்டி, பக்கத்தில் படுத்து, தலையில் இரண்டு கைகளையும் கொம்பாக வைத்துக்கொண்டு கதையை ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்தாள். புரண்டாள். போர்வையை உதைத்தாள்.

“இன்னாடி, புடிக்கலியா?”

“இந்த எரும இல்லமா. போன்ல வரும்ல, அது.”

“அந்த எருமயே நான்தாண்டி!”

வீட்டுக்காரர் சிரித்தார். நான் முறைத்த முறைப்பில் அடங்கினார். பிள்ளை அழ ஆரம்பித்தாள். “நீ வெளிய போயி போன் பண்ணு!” கெஞ்சினேன், அதட்டினேன், ஒன்றும் பலிக்கவில்லை. எனக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், பைக் பக்கத்தில் நின்று வீட்டுக்காரர் நம்பரை அழைத்தேன். நான் கத்திய கத்தலில் தெரு நாய்கள் குரைத்தன. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, “எரும வாங்கிட்டீங்களா?” என்றார். என் மகளோ விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு ஜன்னல் வழியாக முதலில் வந்தது, போனில் சற்றுத் தாமதமாக வந்தது. சாணி தமிழ்நாட்டுப் பக்கம் என்று தீர்ப்பும் சொன்னாள்.

அப்புறம் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டாள், “நீ எப்பம்மா வூட்டுக்கு வருவ?”

“வந்துட்டேண்டி” என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடி, அவள் நெற்றியில் கை வைத்தேன். கண் சொருகிவிட்டிருந்தது. கண்ணைத் திறக்காமலே என் கையைத் தள்ளிவிட்டாள்.

“சும்மா இரு. அம்மா பேசுது.”

நான் கையை எடுத்துக்கொண்டேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, போனை வாயருகே வைத்து, “தூங்குடி கண்ணு” என்றேன்.